கழிவறைக் கதவுக்கு வெளியே

என் மகள் எனக்குத் தெரிந்து சொன்ன முதல் பொய், "நல்லாத்தான் போச்சும்மா." அப்போது அவளுக்கு ஐந்தரை வயது. பாத்ரூமிலிருந்து வந்தவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. ஐந்தரை வயதுப் பிள்ளை இவ்வளவு ஒழுங்காகச் சுத்தம் செய்துவிட்டு வருமா? துவைக்கிற துணிக்கூடையைக் கொட்டியபோது அடியில் ஒரு துண்டுக்குள் சுருட்டி மூன்று ஜட்டிகள் இருந்தன. மூன்றிலும் ரத்தக் கறை. அதாவது மூன்று நாளாக மறைத்திருக்கிறாள்.

"ஏன் கண்ணு சொல்லல?" என்றேன்.

"சொன்னா ஊசி போடுவாங்க. நீயும் அழுவ."

ஊசிக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இரண்டாவது காரணம் நான். இந்த நோயோடு எங்களுக்கு நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் அந்தத் துணிக்கூடையிலிருந்து வந்ததுதான்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இருப்பது குரோன்ஸ் நோய். குடல் அழற்சி நோய், சுருக்கமாக ஐபிடி, என்பதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று இது, இன்னொன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே புண்ணாக்குகிறது. கொலைட்டிஸ் பெருங்குடலோடு நிற்கும். குரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரலாம். மருந்தால் அடக்கி வைக்கலாம், வருஷக்கணக்கில்கூட. அடியோடு போக்க இன்னும் வழி இல்லை. நிறையப் பேர் இதை ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) என்று நினைத்துக்கொண்டு, "எனக்கும்தான் டென்ஷன் ஆனா வயிறு கலக்கும்" என்பார்கள். அது வேறு. அதில் குடல் புண்ணாவதில்லை. ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன், இப்போது விட்டுவிட்டேன்.

"குரோன்னா யாரும்மா?" என்று ஒருநாள் கேட்டாள். 1932-ல் இந்த நோயைப் பற்றி எழுதிய மூன்று டாக்டர்களில் ஒருவர், அகர வரிசையில் அவர் பெயர் முதலில் வந்ததால் அதுவே ஒட்டிக்கொண்டது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவருக்கும் வயிறு வலிச்சுதா?" என்றாள்.

மூன்றரை வயதில் தொடங்கியது, கண்டுபிடிக்கப் பத்து மாதம் ஆனது. முதலில் சீதபேதி என்றார்கள், பிறகு வயிற்றுப் பூச்சி, அப்புறம் மலச்சிக்கலால் ஏற்பட்ட வெடிப்பு. ஒவ்வொரு மருந்துக்கும் நாலு நாள் குறைந்த மாதிரி இருக்கும், மறுபடி தொடங்கும். அந்த டாக்டர்களை நான் குறை சொல்லமாட்டேன். சின்னக் குழந்தைக்கு மோஷனில் ரத்தம் வந்தால் முதலில் தொற்றைத்தான் யோசிப்பார்கள், அது நியாயம். கடைசியாகப் பார்த்தவர் இரண்டே கேள்வி கேட்டார். "ராத்திரி தூக்கத்திலேருந்து எழுந்து போறாளா? போன வருஷத்து உடுப்பு இன்னும் போட முடியுதா?"

இரண்டுக்கும் ஆமாம். உடுப்பு வாங்கும் செலவு மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன்! வீட்டுக் கதவு நிலையில் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போடுவேன். பெரியவனுடைய கோடுகள் படிபோல ஏறியிருந்தன. இவளுக்கு மூன்றுக்கும் நான்குக்கும் போட்ட கோடுகள் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று. நாலாவது பிறந்தநாளன்று அதைப் பார்த்து, "நேரா நில்லுடி" என்று அவளைத்தான் அதட்டினேன்.

அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கோ ரத்தமோ இருக்கிறது, ராத்திரி எழுந்து போகிறது, எடையோ உயரமோ நின்றுவிட்டது, வாயில் அடிக்கடி புண், ஆசனவாய்ப் பக்கம் புண் அல்லது தோல் தொங்கல், காரணம் தெரியாத காய்ச்சல், மூட்டுவலி. இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் தேதி போட்டு எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கால்புரோடெக்டின் என்று ஒரு மலப் பரிசோதனை இருக்கிறது, குடலில் அழற்சி இருந்தால் காட்டிக்கொடுக்கும். அது தேவைப்படுமா என்று கேளுங்கள், அதற்கு ஊசிகூட வேண்டாம். பொதுவாக 50-க்குக் கீழே இருந்தால் நிம்மதி என்பார்கள். நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கலாம் என்பதால் எண்ணைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். எங்களுக்கு 1,800-ஐத் தாண்டியிருந்தது. அதன் பிறகு மயக்க மருந்து கொடுத்து மேலும் கீழும் குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்து உறுதி செய்தார்கள். குழாய் விட்டதைவிட அதற்கு முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்யும் மருந்தைக் குடிக்க வைத்ததுதான் பெரும்பாடு. ஆறு வயதுக்குள் வந்ததால் மரபணுப் பரிசோதனையும் செய்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படித்தானாம்.

நான் என்ன கொடுத்து இது வந்தது என்ற கேள்வி எல்லா அம்மாக்களுக்கும் வரும், எனக்கும் வந்தது. சீக்கிரம் பால் மறக்கடித்தேனே, அதனாலா? கர்ப்பமாக இருந்தபோது ஒரு மருந்து சாப்பிட்டேனே, அதுவா? டாக்டரிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம், "அம்மா செய்த எதனாலும் வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது இன்னும் என் நோட்டில் இருக்கிறது. உறவினர்கள் வீட்டுக்கு வரும் நாட்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

முதல் சிகிச்சை மருந்து அல்ல, பட்டினி மாதிரியான ஒன்று. எட்டு வாரம் திட உணவு எதுவும் கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சத்துப் பானம் மட்டும்தான் காலை, பகல், ராத்திரி. குழந்தைகளின் குரோன்ஸுக்கு ஸ்டீராய்டு இல்லாமலே குடலை ஆற்ற நல்ல வழி இது. கொலைட்டிஸுக்கு இந்த முறை பயன்படுவதில்லை. காகிதத்தில் பார்த்தால் சுலபம். நாலரை வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு செய்து பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது நாள் அவள் சொன்னாள், "எனக்குப் பசிக்கலம்மா. மெல்லணும்போல இருக்கு." எனக்கு அதுவரை உறைக்கவில்லை. வயிறு நிறைந்துதான் இருந்தது. பல்லுக்குத்தான் வேலை இல்லை. டாக்டரைக் கேட்டுக்கொண்டு அதே பானத்தைச் சின்னச் சின்ன அச்சில் ஊற்றி உறைய வைத்துக் கொடுத்தேன். நறநறவென்று கடித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. குளிரவைத்து, மூடி போட்ட டம்ளரில், உறிஞ்சு குழாயோடு கொடுத்தால் வாசனை அவ்வளவாகத் தெரியாது. வீட்டுச் சமையலை அவள் பள்ளியில் இருக்கும்போது முடித்தோம். ஒரே மேசையில் நாங்கள் சாப்பிடலாமா கூடாதா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. முதல் வாரம் ஒளிந்து ஒளிந்து சாப்பிட்டோம். அது தப்பு. ஒருநாள் எங்களைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, "எனக்குத் தெரியாம என்ன செய்றீங்க?" என்று அழுதாள். அதற்குப் பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம், அவள் தன் டம்ளரோடு. இரண்டாவது வாரம் ரத்தம் நின்றது. ஆறாவது வாரம் எடை ஏறியிருந்தது. எட்டு வாரமும் முடிக்க முடியாமல் மூக்கு வழியே குழாய் போட்டுக்கொண்ட குழந்தைகளும் உண்டு. அது தோல்வி இல்லை, தினமும் போராடுவதைவிட அது மேல் என்று அந்த அம்மாக்களே சொல்லியிருக்கிறார்கள்.

அதன் பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதியோபிரின் மாத்திரை. வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அடிக்கடி ரத்த அணுக்களையும் கல்லீரலையும் சோதிக்க வேண்டும். எட்டு மாதம் நன்றாக இருந்தாள். ஆனால் நான் நன்றாக இல்லை. அவள் பாத்ரூம் போகும்போதெல்லாம் கதவுக்கு வெளியே நிற்பேன். "வலிக்குதா? தண்ணியாப் போகுதா? கெட்டியாவா? தண்ணி ஊத்தாத, நான் பாக்கணும்." அவள் வெளியே வரும்போது என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். நன்றாக இருந்தால் நான் கொஞ்சுவேன். இல்லாவிட்டால் என் முகம் தொங்கிப்போகும், உடனே அவள் எதிரிலேயே டாக்டருக்குப் போன். அவளைப் பொறுத்தவரை மோஷன் சரியில்லை என்றால் அவள் ஏதோ குற்றம் செய்துவிட்டாள் என்று அர்த்தம். குற்றத்தை யார்தான் மறைக்க மாட்டார்கள்?

துணிக்கூடைக்குப் பிறகு வீட்டில் மூன்று விஷயத்தை மாற்றினோம்.

மல வகைகளைக் காட்டும் பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று உண்டு, 1 முதல் 7 வரை படம் போட்டு. 1 கூழாங்கல் மாதிரி, 4 வழவழப்பாக, 7 வெறும் தண்ணீர். அதைப் பெரிதாக வரைந்து பாத்ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். இனிமேல் நான் கேள்வி கேட்க மாட்டேன், நீ ஒரு நம்பர் மட்டும் சொல், ரத்தம் இருந்தால் 'சிவப்பு' என்று சேர்த்துக்கொள் என்றேன். அவளுக்கு அது பிடித்துப்போனது. ரொம்பவே பிடித்துப்போனது. ஒரு விசேஷத்துக்குப் போன வீட்டில், கூடம் நிறைய ஆட்கள் இருக்க, உள்ளேயிருந்து "அம்மா, அஞ்சு!" என்று கத்தினாள். "என்ன அஞ்சு?" என்று ஒருவர் கேட்டார். "கணக்குப் படிக்கிறா," என்றான் என் பெரியவன், தலையைக்கூடத் திருப்பாமல்.

இரண்டாவது, என் முகம். அவள் என்ன நம்பர் சொன்னாலும் என் பதில் ஒன்றுதான்: "சரி. கை கழுவிட்டு வா." கண்ணாடி முன்னால் நின்று பழகினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் பழகினேன். டாக்டருக்குப் போன் செய்வது அவள் தூங்கிய பிறகு, அல்லது மாடிக்குப் போய். அவசரம் என்றால் மட்டும் விதிவிலக்கு. வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, ரத்தம் திடீரென்று கூடுவது, எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது, துவண்டுபோவது, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருக்கும்போது நல்ல காய்ச்சல் வருவது. இதற்கெல்லாம் காலை வரை காத்திருக்கக்கூடாது.

மூன்றாவது, "வலிக்காது" என்ற வார்த்தையை வீட்டிலிருந்தே எடுத்துவிட்டோம். ஊசி வலிக்கும். எவ்வளவு நேரம் வலிக்கும் என்று சொல்லலாம்: "நீ பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்." ஒரு மணி நேரம் முன்னதாக மரத்துப்போகச் செய்யும் க்ரீமைக் கையில் தடவி ஒட்டிவிடுவோம். படுக்கவைத்து நாலு பேர் அமுக்கிப் பிடிப்பதற்குப் பதில், என் மடியில் நெஞ்சோடு அணைத்தபடி உட்காரவைத்துப் போடச் சொல்லிக் கேட்டேன். முதல் முறை நர்ஸ் தயங்கினார். இப்போது அவரே நாற்காலியை எடுத்துப் போடுகிறார். எந்தக் கை என்பதை அவள்தான் முடிவு செய்வாள். அவ்வளவு சின்ன உரிமை, ஆனால் பாதி அழுகை அதிலேயே நின்றது.

இதெல்லாம் மாறினாலும் நோய் கிளம்பியது கிளம்பியதுதான். மூன்று ஜட்டிக்குப் பின்னால் ஸ்டீராய்டு வந்தது. பிரட்னிசோலோன் கொடுத்த மூன்றாவது நாளே வலி போய்விட்டது, இரண்டாவது வாரம் முகம் நிலா மாதிரி ஊதிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்குப் பசி, காரணமில்லாத கோபம், தூக்கமின்மை. காலையில் சாப்பாட்டோடு கொடுத்தால் தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை. அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "இப்பத்தான் நல்லா சதை போட்டிருக்கா, குணமாயிட்டாளே!" என்று சந்தோஷப்பட்டார்கள். அவள் மிக மோசமாக இருந்த மாதம் அது. ஒன்று முக்கியம், ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்கிற கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். "முகம் வீங்குது, நிறுத்திடேன்" என்று அன்பாகச் சொல்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள்.

அப்புறம் இன்ஃப்ளிக்சிமாப், அதுவும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துதான். தொடங்குவதற்கு முன்பு காசநோயும் மஞ்சள் காமாலை பி-யும் இல்லை என்று சோதித்தார்கள், தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். இந்த மாதிரி மருந்தில் இருக்கும்போது உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள், உதாரணமாகத் தட்டம்மை, சின்னம்மை ஊசிகள், போடுவதில்லை. ஆகவே அதையெல்லாம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. வகுப்பில் யாருக்காவது சின்னம்மை என்றால் அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மருந்து டிரிப்ஸில் இரண்டு மணி நேரம் ஏறும். முதல் நாள், பிறகு 2-வது வாரம், 6-வது வாரம், அதன் பின் வழக்கமாக 8 வாரத்துக்கு ஒருமுறை. சின்னக் குழந்தைகளின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் செலவழித்துவிடுவதால் எங்களுக்கு இப்போது 6 வாரம். அந்த நாளுக்கென்று ஒரு பை வைத்திருக்கிறோம், அதிலுள்ள விளையாட்டுச் சாமான் மற்ற நாளில் வெளியே வராது. காய்ச்சல் மருந்து விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. இபுபுரூஃபன் வகை வலி மருந்துகளைத் தவிர்க்கச் சொன்னார்கள், பாரசிட்டமால் போதும். குழந்தைகளுக்கான பல சிரப்களில் இரண்டும் கலந்திருக்கும், பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்.

பள்ளியில் எங்களுக்குப் பிரச்சினை வந்தது பாடத்தால் அல்ல, "அனுமதி கேட்டுட்டுப் போ" என்ற விதியால். கையைத் தூக்கி, கூப்பிடும் வரை காத்திருந்து, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போக அவளால் முடியாது. ஒருநாள் முடியாமலே போய்விட்டது. அதற்குப் பிறகு டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து பேசினேன். "எல்லாப் பிள்ளைகளும் கேப்பாங்களே" என்றார் ஆசிரியை. நியாயமான கவலைதான். முடிவில் ஒரு வழி கண்டுபிடித்தோம். கதவுக்குப் பக்கத்து இடம். மேசையில் தன் சிவப்பு அழிரப்பரை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்து போகலாம். ஆசிரியைக்குப் புரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அவள் பையில் ஒரு ஜிப் பை: ஒரு ஜட்டி, அதே நிறத்தில் இன்னொரு பள்ளி உடை, ஈரத் துடைப்பான், அழுக்குத் துணிக்கு ஒரு கவர். அதே நிறம் என்பது முக்கியம். வேறு உடையோடு வகுப்புக்குத் திரும்புவதைவிட வீட்டுக்கு வந்துவிடலாம் என்பாள்.

என் பெரிய தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் என் தலைக்குள்ளேயே வைத்திருந்தேன். எனக்கே கடும் காய்ச்சல் வந்து விழுந்த நாளில், எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று அவள் அப்பாவுக்குத் தெரியவில்லை. "நீ யாரையும் தொட விட்டாத்தானே" என்றார். கோபம் வந்தது, உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. இப்போது ஒரே பக்கத்தில் நோய், மருந்து, அளவு, ஒவ்வாமை, டாக்டர் எண், அவசர அறிகுறிகள் எல்லாம் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். அவர் கைப்பேசியில் அதன் படம். டிரிப்ஸுக்கு இரண்டு முறைக்கு ஒரு முறை அவர்தான் போகிறார். முதல் தடவை நான் வீட்டில் இருந்துகொண்டு பத்து முறை போன் செய்தேன். பதினோராவது முறை அவர் எடுக்கவில்லை. நானும் படுத்துத் தூங்கிவிட்டேன்.

பெரியவன் கொஞ்ச நாள், "எனக்கும் வயிறு வலிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சோதித்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. டிரிப்ஸ் இல்லாத வாரங்களில் சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்கென்று ஒதுக்கினேன், தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல். பெரிதாக எதுவும் செய்வதில்லை, நடந்துவிட்டு வருவோம். வயிற்றுவலி நின்றுவிட்டது.

இப்போது அவளுக்கு எட்டு. கதவு நிலையில் கோடுகள் ஏறுகின்றன, அண்ணனை எட்டிப்பிடிக்க இன்னும் தூரம் இருக்கிறது. போன மாதம் நான் அவள் சொல்லும் நம்பரை எழுதிவைக்கும் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இனிமேல் தானே எழுதிக்கொள்வாளாம். பாத்ரூமுக்குள் பென்சிலோடு போகிறாள், தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். தேதி போட்டு, கோணல் மாணலான எழுத்தில்: "4. சிவப்பு இல்ல. அம்மா வெளில நிக்குது, நிழல் தெரியுது."